கோழிப்பேனுக்கு எந்த மருந்து? முதலில் அது பகலில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

"கோழி ஓயாமல் கோதிக்கொண்டும் சொறிந்துகொண்டும் இருக்கிறது. சாம்பல் போட்டால் போதுமா, மருந்துத் தூள் வாங்கவா, இல்லை ஊசி போடச் சொல்லவா?" வீட்டில் ஐந்தாறு கோழி வளர்ப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பதில் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பூச்சியை எப்போது பார்த்தீர்கள், பகலிலா, ராத்திரியிலா?

இந்தக் கேள்வியை நானே என்னைக் கேட்டுக்கொள்ளாமல் ஒருமுறை இரண்டு மாதம் வீணடித்தேன். கொண்டைகள் வெளுத்துக்கொண்டே வந்தன, முட்டை குறைந்தது. வாரம் தவறாமல் ஒவ்வொரு கோழியாகப் பிடித்துத் தூள் போட்டேன். பகலில் சிறகை விலக்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் இருட்டிய பிறகு, கோழிகள் உட்காரும் கட்டை சுவரில் பொருந்தும் இடத்தில் டார்ச் அடித்துவிட்டு, கட்டைக்கு அடியில் விரலை ஓட்டினேன். விரல் சிவந்து வந்தது. அது கோழியின் ரத்தம், குடித்துவிட்டு இடுக்கில் அடைந்திருந்த பூச்சிகள் நசுங்கியதில் வந்தது. இரண்டு மாதமாக நான் மருந்து போட்டது பூச்சி வந்துபோகும் இடத்தில், குடியிருக்கும் இடத்தில் அல்ல.

## யார் குடியிருக்கிறார்கள்?

பேச்சில் பேன், செள், உண்ணி என்று எல்லாவற்றையும் கலந்துதான் சொல்கிறோம். இந்தக் கட்டுரைக்காகக் கொஞ்சம் பிரித்துக்கொள்வோம். ஆறு கால் உள்ள, இறகையும் தோல் செதிலையும் கடித்துத் தின்பது பேன். எட்டுக் கால் உள்ள, புள்ளி அளவே இருப்பது சிற்றுண்ணி, இனி சுருக்கமாக உண்ணி. (பெயர் சிற்றுண்டி போல ஒலிக்கிறது. சாப்பிடுவது அது, சாப்பிடப்படுவது நம் கோழி.)

பேன் வைக்கோல் நிறத்தில் இருக்கும், பெரியவை 3 மில்லிமீட்டர் வரை வரும். பகலில் சிறகை விலக்கியதும் வெளிச்சத்துக்குப் பயந்து ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகுகளின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பவை ஈர்கள். பிறந்தது முதல் சாவது வரை கோழி மேலேயே இருக்கும். கீழே விழுந்தால் ஒரு வாரம் தாங்குவதே அதிகம்.

வடக்குக் கோழி உண்ணியும், வெப்பமான இடங்களில் காணப்படும் அதன் உறவான வெப்பமண்டலக் கோழி உண்ணியும் பெரும்பாலும் கோழி மேலேயே வாழ்பவை. எச்சத்துவாரத்தைச் சுற்றி இறகு கறுத்து, பிசுபிசுத்து, தோலில் பொருக்கு கட்டியிருந்தால் இவற்றைச் சந்தேகிக்கலாம். முட்டையிலிருந்து வளர்ந்த உண்ணியாக ஒரு வாரம்கூட ஆகாது. ஆகவே "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்பது இங்கே செல்லாது.

சிவப்பு உண்ணி கூண்டுக்காரன். பகல் முழுக்கக் கட்டையின் விரிசல், ஆணித் துளை, முட்டைப் பெட்டியின் மூலை என்று ஒளிந்திருந்து, ராத்திரியில் ஏறி, ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். பசித்திருக்கும்போது சாம்பல் நிறம், குடித்த பிறகு சிவப்பு. குளிர்ச்சியான இடத்தில் பல மாதங்கள் பட்டினி கிடந்தாலும் சாகாது. கோழிகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு ஒரு மாதம் கூண்டைக் காலியாகப் போட்டால் போதும் என்று நினைப்பவர்களை இது நன்றாக ஏமாற்றும்.

கால் செதில் உண்ணி கால் செதில்களுக்கு அடியில் துளைத்து வாழ்வது. அதற்கான வைத்தியமே வேறு, கடைசியில் வருகிறேன்.

சோதனை எளிது. பகலில் கோழியைப் பிடித்து எச்சத்துவாரம், இறக்கை அடி, கழுத்து மூன்றையும் பாருங்கள். ராத்திரி உட்காரும் கட்டையின் அடியில் டார்ச் அடியுங்கள். கட்டையின் முனையில் நெளிநெளியான அட்டைப்பெட்டித் துண்டைச் சுருட்டிச் செருகி, இரண்டு நாள் கழித்து வெள்ளைத் தாள் மேல் உதறிப் பார்த்தால் சிவப்பு உண்ணி இருப்பது தெரிந்துவிடும். சாயங்காலம் கோழிகள் கூண்டுக்குள் போகத் தயங்குவதும், உள்ளே கை விட்டுவந்தால் நமக்கு அரிப்பதும் நல்ல துப்புகள்தான். சிவப்பு உண்ணி மனிதரையும் கடிக்கும், ஆனால் நம் மேல் குடித்தனம் நடத்தாது.

## எதை வைத்து எடை போடுவது?

வழிகளை ஒப்பிடும்போது நான் பார்ப்பவை இவை.

முதலாவது, பூச்சி இருக்கும் இடத்துக்கு அது போய்ச் சேருமா. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது, ஈர்களையும் முட்டைகளையும் என்ன செய்யும். வீட்டில் போடும் தூளும் தெளிப்பும் பெரும்பாலும் முட்டையைத் தொடுவதில்லை. பேனின் ஈர் நான்கு முதல் ஏழு நாளில் பொரியும். அதனால் 7 முதல் 10 நாளுக்குள் இரண்டாம் முறை போடாவிட்டால் முதல் முறை போட்டதும் வீண். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்பார்களே, இங்கே அந்த வேலையை நம் மறதிதான் செய்கிறது. எந்த மருந்து என்பதைவிட இரண்டாவது முறை போட்டீர்களா என்பதே பலமுறை வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது.

மூன்றாவது, முட்டையைச் சாப்பிடலாமா. மருந்து கொடுத்த பிறகு முட்டையையோ இறைச்சியையோ ஒதுக்கவேண்டிய நாட்களை விலக்குக் காலம் என்பார்கள். வாங்கும் பொட்டலத்தின் சீட்டில் உங்கள் நாட்டு விதிப்படி என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

நான்காவது, கோழியின் மூச்சும் நம் மூச்சும். ஐந்தாவது, எத்தனை கோழியை எத்தனை முறை கையால் பிடிக்கவேண்டும். ஐந்து கோழிக்கு அரை மணி நேர வேலை, ஐம்பது கோழிக்கு அது ஒரு திருவிழா.

## புழுதிக் குளியல்

கோழிக்குத் தானே செய்துகொள்ளத் தெரிந்த வைத்தியம் இது. உலர்ந்த மணலோ மண்ணோ நிறைந்த ஓர் அகலமான தொட்டி, மழை படாத இடத்தில். கோழி அதில் புரண்டு, புழுதியை இறகுக்குள் ஏற்றி, உதறி, அப்புறம் அலகால் கோதி முடிக்கும். கோதுவது மிக முக்கியம். அலகு நுனி வெட்டப்பட்ட கோழிகளுக்குப் பேனும் உண்ணியும் அதிகமாக ஏறுவது அதனால்தான்.

அந்த மணலில் எதைக் கலப்பது என்பதில்தான் தேர்வு இருக்கிறது.

*மரச்சாம்பல்:* எளிதாகக் கிடைக்கும், உலர்ந்திருக்கும் வரை உதவும். நனைந்தால் காரமாகித் தோலையும் காலையும் அரிக்கும். குப்பை, பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த மரம் எரித்த சாம்பல் வேண்டவே வேண்டாம்.

*டயாட்டம் மண்:* நுண்ணிய பாசிகளின் சிலிக்கா ஓடுகள் படிந்து உருவான தூள். பூச்சியின் உடலில் ஈரம் வெளியேறாமல் காக்கும் மெழுகுப் பூச்சை இது உறிஞ்சிவிடும், பூச்சி வறண்டு சாகும். காற்றில் ஈரம் கூடினாலோ தூள் நனைந்தாலோ வேகம் குறைந்துவிடும். "இயற்கையானது" என்ற பெயரால் இதை அள்ளி வீசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். பறக்கும் தூள் கோழியின் நுரையீரலுக்கும் நம் நுரையீரலுக்கும் நல்லதல்ல. நீச்சல்குள வடிகட்டிக்கென்று சுட்டு விற்கும் வகையில் படிக சிலிக்கா அதிகம், அதைக் கோழி பக்கமே கொண்டுபோகக் கூடாது.

*கந்தகத் தூள்:* பலருக்கும் நினைவுக்கு வராதது, ஆனால் மூன்றில் பலமானது இதுதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்துப் பூச்சியியலாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், டயாட்டம் மண்ணும் கயோலின் களிமண்ணும் கலந்த தொட்டிகள் குளித்த கோழிகளின் பூச்சிகளைக் குறைத்தன. தொட்டியை எடுத்ததும் பூச்சிகள் மீண்டன. கந்தகம் கலந்த தொட்டியோ, எடுத்த பிறகும் வாரக்கணக்கில் பலன் தந்தது. அதே இடத்தில் இருந்த, தொட்டிப் பக்கமே போகாத கோழிகளிடமும் பூச்சி குறைந்திருந்தது. குறை என்ன? கண்ணும் தோலும் எரியும், வாடை உண்டு, நுண்தூள் தீப்பற்றக் கூடியது. வேகமும் குறைவு, உடனே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

புழுதிக் குளியலின் மறைமுகச் செலவு இன்னொன்று: எல்லாக் கோழியும் குளிக்காது. நோய்வாய்ப்பட்டது, அடை கிடப்பது, மற்றவை விரட்டுவது என்று யாருக்கு மிக அவசியமோ அவர்கள்தான் தொட்டிக்கு வருவதில்லை. ஆகவே இது தடுப்புக்கு முதல் தேர்வு. எச்சத்துவாரம் பொருக்கு கட்டிய கோழிக்கு இதை மட்டும் நம்பக் கூடாது. சிவப்பு உண்ணிக்கு இது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, கோழி குளிக்கும் நேரத்தில் அது விரிசலுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்.

## மேலே தூவும், தெளிக்கும் மருந்துகள்

இதில் அதிகம் புழங்குவது பெர்மெத்ரின். கோழிக்கென்று அனுமதி பெற்ற தூளாகவோ, நீரில் கலந்து தெளிக்கும் மருந்தாகவோ வருகிறது. பேனுக்கும், கோழி மேல் வாழும் உண்ணிக்கும் வேகமாக வேலை செய்யும். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்படும் ஸ்பைனோசாட் கிடைத்தால், பெர்மெத்ரினுக்கு மசியாத இடங்களில் அது நல்ல மாற்று.

போடும் விதம்தான் பாதி மருந்து. முதுகில் தூவிவிட்டால் அழகாகத் தெரியும், பலன் இருக்காது. இருட்டிய பிறகு கட்டையில் உட்கார்ந்திருக்கும் கோழியை மெல்ல எடுத்து, மடியில் கவிழ்த்து, பழைய காலுறையில் போட்ட தூளை எச்சத்துவாரத்தைச் சுற்றியும் இறக்கை அடியிலும் தட்டி, விரலால் தோல் வரை தடவிவிட வேண்டும். தெளிப்பு என்றால் வெயில் உள்ள காலையில் செய்யுங்கள், நனைந்த கோழி ராத்திரிக் குளிரில் நடுங்கக் கூடாது. முகமூடியும் கையுறையும் உங்களுக்கு.

மறைமுகச் செலவுகள் இங்கே கூடுதல். பெர்மெத்ரின் பூனைக்கு விஷம், மீனுக்கும் தேனீக்கும் அப்படித்தான். பூனை படுக்கும் வைக்கோலில் கொட்டிவிடாதீர்கள், கழுவிய நீரைக் குளத்தில் விடாதீர்கள். அப்புறம், சிவப்பு உண்ணி பல இடங்களில் இந்த வகை மருந்துகளுக்குப் பழகிப்போய்விட்டது. சரியாகத் தெளித்தும் பலனில்லை என்றால் அளவைக் கூட்டுவது தீர்வல்ல, வகையை மாற்ற வேண்டும்.

"சும்மா கொஞ்சம்" என்று நாய்க்கான சொட்டு மருந்தையோ வயல் மருந்தையோ போடும் பழக்கம் பற்றி ஒரு வார்த்தை. 2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிக்கொட்டில்களில் உண்ணிக்கென்று அடித்த மருந்தில், உணவுக்கான விலங்குகளுக்கு அனுமதியில்லாத பிப்ரோனில் கலந்திருந்தது தெரியவந்து, லட்சக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. நாய், பூனைத் தெள்ளுக்குப் போடும் சொட்டு மருந்துகள் பலவற்றில் இருப்பது இதே பிப்ரோனில்தான். வீட்டு முட்டையைப் பரிசோதிக்க யாரும் வரப்போவதில்லை, அதனால் கூடுதல் கவனம் நம்முடையது.

## உள்ளே போகும் மருந்துகள்

ஐவர்மெக்டின் பற்றிக் கேட்காதவர் இல்லை. ரத்தம் குடிக்கும் உண்ணிக்கு வேலை செய்யும். இறகைத் தின்னும் பேன் ரத்தத்தை அதிகம் தொடாததால் அதனிடம் பலன் குறைவு. ஆக, பேனுக்கு ஐவர்மெக்டின் என்பது இலக்குத் தவறிய அம்பு. பல நாடுகளில் முட்டையிடும் கோழிக்கு இது அனுமதி பெற்ற மருந்தும் அல்ல, முட்டையில் எச்சம் தங்கும். கால்நடை மருத்துவர் அளவும் விலக்குக் காலமும் சொல்லி எழுதிக் கொடுத்தால் மட்டும்.

ஃப்ளூராலனர் வேறு கதை. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் சிவப்பு உண்ணிக்காக அனுமதித்தது. குடிநீரில் கலந்து, 7 நாள் இடைவெளியில் இரண்டு முறை கொடுக்கவேண்டும். முட்டைக்கு விலக்குக் காலம் இல்லை என்ற அனுமதியோடு வந்தது. கோழியைப் பிடிக்க வேண்டாம், விரிசலைத் தேட வேண்டாம், ரத்தம் குடிக்க வரும் உண்ணி தானே சாகும். குறை, இது பெரிய பண்ணைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. மருந்துச்சீட்டு வேண்டும், கோழியின் எடைக்கு ஏற்ற கணக்கு வேண்டும், ஆறு கோழிக்கு அளந்து கலப்பது சிரமம். தொட்டி தவிர வேறு இடத்தில் தண்ணீர் குடிக்கும் திரியும் கோழிகளுக்கு அளவும் நிச்சயமில்லை.

## கூண்டு வைத்தியம்

சிவப்பு உண்ணிக்கு இதுதான் வைத்தியம். மற்றவற்றுக்கு இது துணை.

கூளத்தை மொத்தமாக அள்ளி வெளியேற்றுங்கள். கழற்ற முடிந்த கட்டை, பெட்டி எல்லாவற்றையும் கழற்றுங்கள். கொதிநீர் அல்லது நீராவியை விரிசல்களுக்குள் செலுத்துங்கள். 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு நீடித்தால் சிவப்பு உண்ணி தாங்காது. ஆனால் மேலாகக் கழுவினால் சூடு உள்ளே போகாது, ஒவ்வொரு இடுக்கிலும் நின்று ஊற்ற வேண்டும். உலர்ந்த பிறகு கெட்டியான சுண்ணாம்பை விரிசல் மூடும்படி அடியுங்கள். உலோகக் கூண்டுக்கு நெருப்புக் காட்டுவார்கள், பலன் உண்டு. மரக் கூண்டுக்கு வேண்டாம், கந்தகம் தூவிய இடத்தில் நினைக்கவே வேண்டாம்.

கட்டையின் முனைகளிலும் தாங்கிகளிலும் கெட்டியான எண்ணெய் தடவுவது, இருபக்கமும் ஒட்டும் டேப் சுற்றுவது எல்லாம் ராத்திரிப் பயணத்தை மறிக்கும் சுங்கச்சாவடிகள். சிவப்பு உண்ணியை வேட்டையாடித் தின்னும் வேறு உண்ணிகளைக் கூண்டில் விடும் முறையும் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் தூளும் தெளிப்பும் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் கூலிக்கு வந்தவனும் சேர்ந்து சாவான்.

இதன் விலை உழைப்பு. முதல் நாள் முழுவதும் போகும், 7 நாளில் மறுபடியும், அப்புறம் இன்னொரு தடவை. வெடிப்பும் ஓட்டையும் நிறைந்த பழைய மரக்கூண்டு என்றால், அதை எரித்துவிட்டு இடுக்கு குறைந்த புதிய கூண்டு செய்வது சில நேரம் மலிவு.

## எண்ணெய்களும், கால் செதில் உண்ணியும்

வேப்பெண்ணெயில் உள்ள அசாடிராக்டின் பூச்சியின் தோலுரிப்பையும் வளர்ச்சியையும் குலைப்பது. உடனே கொல்வதில்லை. மெதுவாக எண்ணிக்கையைக் குறைக்கும், கட்டை இடுக்குகளில் தடவ ஏற்றது. இறகெல்லாம் எண்ணெய் பூசினால் கோழிக்குக் குளிரைத் தாங்கும் திறன் போய்விடும். மண்ணெண்ணெய், டீசல் எதையும் கோழி மேல் போடாதீர்கள், தோல் வெந்துபோகும்.

கால் செதில் தூக்கிக்கொண்டு, சொரசொரப்பாகத் தடித்திருந்தால் தூளோ குளியலோ எட்டாது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் காலை ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, வாசலின் தாராளமாகப் பூசுங்கள், உண்ணிக்கு மூச்சு முட்டும். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் சில வாரங்கள் வாரம் ஒருமுறை. தூக்கிய செதிலைப் பிய்க்காதீர்கள், ரத்தம் வரும். புதுச் செதில் வர மாதங்கள் ஆகும், அதைப் பார்த்து வைத்தியம் பலிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்கு ஏற்றது | எதற்கு வீண் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| மணல் + சாம்பல் அல்லது டயாட்டம் மண் | பேன், கோழி மேல் வாழும் உண்ணி: தடுப்பு | சிவப்பு உண்ணி | தூள் மூச்சில் போகும், நனைந்தால் பயனில்லை |
| மணல் + கந்தகம் | அதே, இன்னும் பலமாக | சிவப்பு உண்ணி | எரிச்சல், தீ அபாயம் |
| பெர்மெத்ரின், ஸ்பைனோசாட் | பேன், உண்ணி முற்றியபோது | கால் செதில் உண்ணி | பெர்மெத்ரினால் பூனை, மீன், தேனீ; மருந்துக்குப் பழகும் பூச்சி |
| ஐவர்மெக்டின் | ரத்தம் குடிக்கும் உண்ணி | பேன் | முட்டையை ஒதுக்க வேண்டும், மருத்துவர் தேவை |
| ஃப்ளூராலனர் | சிவப்பு உண்ணி, பெரிய மந்தை | ஐந்தாறு கோழி | மருந்துச்சீட்டு, அளவுக் கணக்கு |
| கொதிநீர், சுண்ணாம்பு, எண்ணெய்த் தடை | சிவப்பு உண்ணி | பேன் (துணை மட்டும்) | முழு நாள் உழைப்பு, மூன்று முறை |

## யாருக்கு எது?

பூச்சி எதுவும் இல்லை, வராமல் தடுக்க வேண்டும் என்பவருக்குக் கூரையின் கீழ் ஒரு மணல் தொட்டி, மாதம் இரண்டு முறை ராத்திரி டார்ச், புதிதாக வாங்கும் கோழியை மூன்று நான்கு வாரம் தனியே வைப்பது. இவ்வளவு போதும். காட்டுப் பறவைகளும் எலிகளும் உண்ணியைக் கொண்டுவரும், கூண்டுக் கூரையில் கூடு இருந்தால் கவனியுங்கள்.

ஐந்தாறு கோழி, பகலில் பேன் ஓடுவது தெரிகிறது என்றால் அனுமதி பெற்ற தூளை இன்றே ஒருமுறை, எட்டாம் நாள் ஒருமுறை. கூடவே புழுதித் தொட்டி. ஈர்கள் கல்லாகக் கட்டிய இறகுகளை வெட்டி எடுத்துவிட்டால் வேலை பாதி குறையும்.

சிவப்பு உண்ணி என்று உறுதியானால் கோழியை விடுங்கள், கூண்டைப் பிடியுங்கள். கோழி மிகவும் வெளுத்துத் தளர்ந்திருந்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

முட்டையை ஒருநாள்கூட ஒதுக்க முடியாது என்பவருக்குக் கந்தகம், கொதிநீர், சுண்ணாம்பு. நிறையப் பொறுமையும் வேண்டும்.

அடை வைக்கப்போகிறவர்கள் முட்டை வைப்பதற்கு முன்பே கோழியைச் சோதித்து, தேவைப்பட்டால் தூள் போட்டு, எட்டு நாள் கழித்து இரண்டாம் முறையும் முடித்துவிடுங்கள். அடையில் உட்கார்ந்த கோழி புழுதிக்குப் போவது குறைந்துவிடும், 21 நாள் ஒரே கூளத்தில் சூடாக உட்கார்ந்திருக்கும், பூச்சிக்கு இதைவிட வசதி கிடையாது. பேன் தாயிடமிருந்து குஞ்சுகளின் தலைக்கு ஏறிவிட்டால், அந்த வயதில் போடுவதற்கு நம்மிடம் பாதுகாப்பான மருந்து அதிகம் இல்லை. குஞ்சுகள் இறங்கிய அன்றே அந்தக் கூளத்தை எடுத்து எரித்துவிடுங்கள்.